அப்பாவும் வாப்பாவும் சிறுவர்களாக இருந்தபோது

அலெக்சாந்தர் ரஸ்கின் என்ற ரஷ்ய எழுத்தாளர் தம் மகளுக்குச் சொன்ன கதைகளின் தொகுப்பு ‘அப்பா சிறுவனாக இருந்தபோது’. நா. முகம்மது செரீபு தமிழாக்கிய அந்தப் புத்தகத்தைச் சிறு வயதில் வாசித்தவர்கள் என் தலைமுறையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மொஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி வந்த சோவியத் புத்தகங்கள், கெட்டி அட்டையும் நல்ல தாளும் கொண்டிருந்தும், ஒரு சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைத்த காலம் அது. ஆகவே அந்தப் புத்தகத்தை நேசிப்பதில் எனக்குத் தனியுரிமை எதுவும் இல்லை. ஆனால் என் நேசத்தில் இன்னொருத்திக்குச் சரிபாதி பங்கு உண்டு. அதோடு, அதிகம் பேசாத இரண்டு மனிதர்களை, பாண்டிருப்பில் ஒருவரையும் மருதமுனையில் ஒருவரையும், அந்தப் புத்தகம் வாய் திறந்து பேச வைத்தது. அதைத்தான் எழுத நினைக்கிறேன்.

எங்கள் பகுதியை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் வீதியில் பெரியநீலாவணையைத் தாண்டியதும் மருதமுனை வரும், அதை ஒட்டினாற்போல் பாண்டிருப்பு, அதற்கப்பால் கல்முனை. மருதமுனை கைத்தறிக்குப் பேர்போன முஸ்லிம் ஊர். பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பால் அறியப்பட்ட தமிழ் ஊர். இரண்டுக்கும் கிழக்கே ஒரே கடல், மேற்கே ஒரே வயல்வெளி. நானும், அந்தப் பங்குக்காரியான என் மருதமுனைச் சிநேகிதியும் கல்முனையில் ஒரே வகுப்பில் படித்தோம். பாடசாலை விட்டதும் இருவரும் ஒன்றாக நடந்து வருவோம். என் வீடு முதலில் வந்துவிடும், அவள் இன்னும் கொஞ்சத் தூரம் போக வேண்டும்.

புத்தகம் முதலில் வந்தது எங்கள் வீட்டுக்கு. கொழும்பில் உத்தியோகம் பார்த்த மாமா, 1980களின் நடுப்பகுதியில் ஒரு விடுமுறைக்கு வந்தபோது, பிள்ளைகளுக்கு இனிப்பு வாங்கி வருவதற்குப் பதிலாக இதை வாங்கி வந்திருந்தார். அன்று எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. இரண்டு நாட்களுக்குள் முழுவதையும் வாசித்துவிட்டுப் பாடசாலைக்குக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். உள்பக்கத்தில் மொழிபெயர்ப்பாளரின் பெயரைப் பார்த்ததும் அவளுடைய முகம் மலர்ந்துவிட்டது. மொஸ்கோ என்ற அவ்வளவு தூரத்து நகரத்தில் அச்சான புத்தகத்தில் முகம்மது என்றொரு பெயர், அதுவும் தமிழ் எழுத்தில். “இது எங்கட ஆள்கா” என்று சொல்லிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். அன்று முதல் அது யாருடைய புத்தகம் என்ற கேள்வி எங்களுக்குள் எழுந்ததில்லை.

அந்தப் புத்தகம் பிறந்த கதையை ரஸ்கின் முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். அவருடைய மகள் சாஷா சிறு வயதில் அடிக்கடி நோயில் விழுவாள். ஒரு முறை காதுவலி வந்து அழுதுகொண்டே இருந்தாள். என்ன செய்வதென்று தெரியாத தகப்பன், தாம் சிறுவனாக இருந்தபோது புதிய பந்து ஒன்றைக் காருக்கு அடியில் போட்ட கதையைச் சொன்னார். தன் அப்பாவும் ஒரு காலத்தில் சின்னப் பையனாக இருந்தார், குழப்படி செய்தார், தண்டனையும் வாங்கினார் என்ற செய்தி சாஷாவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அதன் பிறகு காது வலிக்கும் போதெல்லாம், சிறுவனாக இருந்தபோது நடந்ததைச் சொல்லுங்கள் என்று கேட்கத் தொடங்கினாள். அப்படிச் சேர்ந்தவைதான் இந்தக் கதைகள்.

என் சிநேகிதிக்கும் காதுவலி இருந்தது. கடலில் குளித்துவிட்டு வந்தால் இரண்டொரு நாளில் தொடங்கிவிடும். உள்ளிப்பல் போட்டுச் சுடவைத்த நல்லெண்ணெயை மாமி, அதாவது அவளுடைய உம்மா, இளஞ்சூட்டில் காதுக்குள் விட்டுப் பஞ்சை வைத்து ஒருக்களித்துப் படுக்கவைப்பார். அப்படிப் படுத்திருந்த ஒரு மாலையில் நான் பக்கத்தில் இருந்து பந்துக் கதையை உரத்து வாசித்தேன். அவளுடைய தம்பியும் தங்கைமாரும் வந்து உட்கார்ந்தார்கள். வெளி மண்டபத்தில் மாமாவின், அதாவது அவளுடைய வாப்பாவின், தறி ஓடிக்கொண்டிருந்தது. மருதமுனையில் வளர்ந்த எவருக்கும் அந்தச் சத்தம் காதில் விழுவதே இல்லை, நின்றால்தான் தெரியும்.

பாவ்லவோ பொசாத் என்ற சிற்றூரில் வாழ்ந்த சிறுவனுக்கு நான்கு நிறங்கள் கொண்ட பெரிய பந்து ஒன்று கிடைக்கிறது. அது சூரியனைப் போன்றது. சூரியனை விடவும் மேலானது, ஏனென்றால் கண்ணைச் சுருக்காமல் பார்க்கலாம். அந்த ஊரில் கார் என்பது அபூர்வமான பொருள். கார் வருகிறது. பந்தைக் காருக்கு அடியில் போட்டால் என்ன ஆகும் என்று பார்க்க அவனுக்கு ஆசை வந்துவிடுகிறது. பந்து பெரும் சத்தத்துடன் வெடிக்கிறது. இந்த இடத்துக்கு நான் வந்தபோது தறி நின்றது. மாமா வாசலில் வந்து நின்று, “வெடிச்சிட்டா? புதுப் பந்தா?” என்று கேட்டார். அவர் எங்களிடம் அப்படி எதையாவது கேட்பது அதுவே முதல் தடவை. கடைசி வரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் நிலையில் சாய்ந்து நின்றார். பிறகு, தான் சிறுவனாக இருந்தபோது செய்ததைச் சொல்லத் தொடங்கினார்.

அவருடைய வாப்பாவும் நெசவாளர். பட்டம் விடும் காலத்தில் மற்றப் பிள்ளைகளின் பட்டங்கள் தென்னைகளுக்கு மேலே நிற்கையில் இவருடையது மட்டும் நூல் போதாமல் தாழப் பறந்திருக்கிறது. ஒரு நாள் லுஹர் தொழுகைக்கு வாப்பா பள்ளிக்குப் போன நேரம் பார்த்து, தறியில் பூட்டியிருந்த பாவிலிருந்து, ஓரத்தில் எடுத்தால் தெரியாது என்று எண்ணி, இழைகளை வெட்டி எடுத்து முடிந்து பட்டத்துக்குக் கட்டிவிட்டார். பட்டம் நன்றாக ஏறியது. கடற்கரை முழுவதும் அண்ணாந்து பார்த்தது. அந்தப் பெருமை பின்னேரம் அஸர் தொழுகை வரைக்கும் நீடித்தது. அவருடைய வாப்பா கடற்கரைக்கு வந்து, பட்டத்தையும் பார்த்து, நூலின் நிறத்தையும் பார்த்து, எதுவும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டார். அடிப்பார் என்று பயந்து இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்த சிறுவனுக்குச் சோறு கொடுத்து, மறுநாள் காலையில் தறிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, அறுந்த ஒவ்வோர் இழைக்கும் புது நூலை இணைக்கச் சொன்னாராம். விரலில் சாம்பலைத் தொட்டு, இரண்டு நுனிகளையும் சேர்த்துப் பிடித்து முறுக்க வேண்டும். இறுக்கினால் அறும், தளர்த்தினால் வழுகும். அதைச் சொல்லும்போது மாமா வலது கையின் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து, இல்லாத ஒரு நூலை எங்கள் முகத்துக்கு நேரே முறுக்கிக் காட்டினார். அந்த விரல்கள் எனக்கு இன்றும் நன்றாக நினைவிருக்கின்றன. நகத்தின் ஓரங்களில் சாயம் ஊறி நீலமாக இருந்தது.

காதுவலிக்காரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். “வாப்பா, பொறகு?” என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அன்றிரவு நான் என் அப்பாவிடம் போனேன். எங்கள் அப்பா வயல்காரர். விடிய முன் போய் இருட்டி வருகிறவர். பெரிய நிலக்காரரான போடியாரோடும், வயல்களுக்கு நீர் பங்கிடும் வட்டவிதானையோடும் தண்ணீருக்காகச் சத்தம் போடுவாரே தவிர, வீட்டில் பேச்சுக் குறைவு. நீங்கள் சிறுவனாக இருந்தபோது என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, அதெல்லாம் என்னத்துக்கு, போய்ப் படி என்றார். நான் பந்துக் கதையை வாசித்துக் காட்டினேன்; மருதமுனை மாமாவின் பட்டக் கதையையும் சொன்னேன். மாமாவின் கதைதான் அவரை அசைத்தது என்று இன்றைக்கும் நம்புகிறேன். பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் சொல்லியிருக்கும்போது தான் சொல்லாமல் இருப்பது அழகில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்து, கொம்மட்டிப் பழத்தின் கதையைச் சொன்னார்.

எங்கள் அப்பப்பா மணல் தோட்டத்தில் கொம்மட்டி போட்டிருந்தார். அந்த வருடத்தில் காய்த்தவற்றுள் மிகப் பெரியதை விதைக்கென்று ஒதுக்கி, வைக்கோலின் மேல் வைத்திருந்தார். நெல் மூட்டை ஏற்றிய வண்டியின் சில்லுக்கு அடியில் அதை வைத்தால் வண்டி நிற்குமா, பழம் நசியுமா என்று அப்பாவுக்கும் அவருடைய கூட்டாளிக்கும் வாதம் வந்தது. நிற்கும் என்றவர் அப்பா. பழத்தை உருட்டிக்கொண்டு போய் வண்டித் தடத்தில் வைத்துவிட்டு வேலிக்குப் பின்னால் ஒளிந்திருந்தார்கள். என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சில்லு ஏறி இறங்கியது. மாடுகள் இரண்டும் நின்று, வண்டிக்காரர் எவ்வளவு அதட்டியும் நகராமல், விதைப்பழத்தைத் தின்று முடித்துவிட்டுத்தான் போயின. ஆகவே வண்டி நின்றதா இல்லையா என்று அப்பா எங்களைப் பார்த்துக் கேட்டார். அம்மா அடுக்களையில் இருந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. கலியாணம் முடித்து எத்தனையோ வருடங்கள் ஆகியும் அந்தக் கதை அம்மாவுக்கே தெரிந்திருக்கவில்லை.

இதிலிருந்து எங்களுக்கு ஒரு பழக்கம் வந்தது. புத்தகத்தில் ஒரு கதையை வாசிப்பது, அதைக் கொண்டுபோய் அவரவர் வீட்டில் சொல்வது, பதிலுக்கு ஒரு கதையை வாங்கி வருவது, மறுநாள் நடந்து வரும் வழியில் மாற்றிக்கொள்வது. சிறுவன் பாடசாலைக்குப் பிந்திப் போன கதைக்கும், சங்கீதம் படிக்க மறுத்த கதைக்கும் இரண்டு வீடுகளிலும் பதில் கிடைத்தது. சில நாட்களில் புத்தகமே தேவைப்படவில்லை. என் அப்பாவின் பிள்ளைப் பருவம் அவளுக்கும், அவள் வாப்பாவின் பிள்ளைப் பருவம் எனக்கும் மனப்பாடமாகிவிட்டன.

அந்த வருடங்களில் பெரியவர்கள் பிள்ளைகளிடம் பேசியதெல்லாம் பெரும்பாலும் எச்சரிக்கைகள். அங்கே போகாதே, அதைக் கேட்காதே, ரோட்டில் யாரையும் உற்றுப் பார்க்காதே. தகப்பன்மார் வீட்டுக்கு வந்து சேர்வதே பெரிய காரியமாக இருந்த காலத்தில், அவர்கள் தங்களைப் பற்றி எதையும் சொல்லாமல் இருந்ததில் வியப்பில்லை. சிறுவர் கதை என்று எங்கள் பாடப் புத்தகங்களில் இருந்தவற்றில், பிழை செய்த பிள்ளை ஒருவன் இருப்பான். அவனைத் திருத்துகிற பெரியவர் ஒருவர் இருப்பார். ரஸ்கினின் புத்தகத்தில் அந்தப் பிழை செய்த பிள்ளையும் கதை சொல்கிற பெரியவரும் ஒரே ஆள். தம் குறும்பையும் பிடிவாதத்தையும் பயத்தையும் வெட்கப்படாமல், பெருமையடித்துக்கொள்ளாமல் மகளிடம் சொல்கிறார். அந்தத் துணிவு மற்றத் தகப்பன்மாருக்கும் தொற்றக்கூடியது என்பதை நான் இரண்டு வீடுகளில் கண்ணால் பார்த்தேன். எத்தனையோ நல்ல சிறுவர் நூல்களைப் பின்னாளில் வாசித்திருக்கிறேன். இப்படி வீட்டுக்காரரைப் பேச வைத்த நூல் வேறெதையும் காணவில்லை.

எங்களுக்குள் ஓயாத வாதம் ஒன்றும் இந்தப் புத்தகத்தால் வந்தது. எல்லாவற்றிலும் சிறந்த கதை, சிறுவன் தொழில் தேடும் கதை என்பது என் கட்சி. இரவுக் காவலாளி ஆக வேண்டும், ஐஸ்கிரீம் விற்க வேண்டும், விமானி ஆக வேண்டும் என்று நாளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறவன், ஒரு கட்டத்தில் நாயாக வேண்டும் என்று முடிவெடுத்துக் குரைத்துப் பழகுகிறான். காலால் காதைச் சொறியப் பார்க்கிறான், முடியவில்லை. வழியில் வந்த இராணுவ அதிகாரி ஒருவர், மனிதனாக விருப்பமில்லையா என்று கேட்கிறார். நான் மனிதனாகி நெடுநாளாயிற்றே என்கிறான் சிறுவன். நாயாகக்கூட முடியாத நீ எப்படி மனிதன் என்று அவர் கேட்க, பிறகு அவன் நன்றாக யோசிக்கிறான். அடுத்த தடவை, என்னவாகப் போகிறாய் என்று கேட்டவர்களிடம், மனிதனாக வேண்டும் என்று சொல்கிறான், ஒருவரும் சிரிக்கவில்லை. அவளுடைய கட்சி பந்துக் கதை. நாய்க் கதையில் கடைசியில் ஒரு பெரியவர் வந்து பாடம் சொல்லிவிடுகிறார், பந்துக் கதையில் சிறுவன் தானே பார்த்துத் தெரிந்துகொள்கிறான் என்பது அவளுடைய வாதம். பத்து வயதுப் பிள்ளைக்கு அது மிகக் கூர்மையான வாதம் என்று இப்போது படுகிறது.

1990 ஜூனில் அரச படைகளுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மறுபடியும் மூண்டது. அதன் பிறகு நடந்தவற்றை இந்தக் கரையோரத்தில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். ஓர் ஊரார் மற்ற ஊருக்குள் கால் வைக்க அஞ்சிய அந்த மாதங்களில் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவே இருந்த சிறு தூரம் நடக்க முடியாத தூரமாகிவிட்டது. புத்தகம் அவள் வீட்டில் இருந்தது. எங்கள் வகுப்புக்குப் படிப்பித்த ஆசிரியை ஒருவர் இரண்டு ஊர்களுக்கும் போய்வரக்கூடியவராக இருந்தார். அவர் மூலமாக ஒரு நாள் எனக்கு ஒரு கொப்பி வந்தது. அதில் ரொட்டிக் கதை முழுவதையும் அவள் தன் கையால் எழுதி அனுப்பியிருந்தாள்.

ரொட்டி பிடிக்காத சிறுவன் அதைத் தரையில் வீசி எறிகிற கதை அது. பசி என்றால் என்னவென்று கண்டிருந்த வயதான தாதிக்கு அது தாங்கவில்லை. பிறகு அவனுக்கு எல்லாம் கிடைக்கிறது, ரொட்டி மட்டும் கிடைப்பதில்லை. ஒரு துண்டுக் கறுப்பு ரொட்டிக்கு அவன் ஏங்கிப் போகிறான். எதற்காக இந்தக் கதையைத் தேர்ந்தெடுத்தாள் என்று விளக்கம் எதுவும் எழுதவில்லை. கடைசிப் பக்கத்தின் கீழே, நூல் வராததால் தறி ஓடவில்லை என்றும், காது வலிக்கவில்லை என்றும், வாப்பா சுகம் என்றும் மூன்று வரிகள் இருந்தன. அந்த வருடம் அப்பாவால் வயலுக்குப் போக முடியவில்லை. அம்மா கஞ்சி வைத்த நேரம் அந்தக் கொப்பியை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் பதில் கதை எதுவும் சொல்லவில்லை. மாமாவைச் சுகம் விசாரித்து எழுது என்று மட்டும் சொன்னார்.

1991இன் இறுதியில் சோவியத் ஒன்றியமே இல்லாமல் போயிற்று. மொஸ்கோவில் தமிழ்ப் புத்தகம் அச்சிடுவதும் அதோடு முடிந்தது. எங்கள் பிரதி அவளிடமே இருந்தது. நிலைமை சீரடைந்த பிறகும் நான் அதைத் திருப்பிக் கேட்கவில்லை, அவள் வீட்டுப் பிள்ளைகள் அதை வாசித்துக்கொண்டிருந்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது அவர்களுடைய வீடும் தறியும் அதோடு புத்தகமும் போயின. ஆட்கள் தப்பினார்கள். அவர்களைத் தேடி நான் போனபோது, மாமா நிவாரண முகாமின் தாழ்வாரத்தில் இருந்தார். என்னைக் கண்டதும் அவர் முதலில் சொன்னது, “மகள், அந்தப் புத்தகத்தையும் விட்டுட்டு வந்துட்டம்” என்பதுதான். வீட்டைப் பற்றியும் தறியைப் பற்றியும் பிறகுதான் சொன்னார்.

ரஸ்கினைப் பற்றி நாங்கள் அறிந்துகொண்டது மிகவும் பிந்தி. அவர் நகைச்சுவை எழுத்தாளர். 1914இல் பிறந்து 1971இல் மறைந்தார். அவருடைய மனைவி ஃப்ரீதா விக்தோரவா பத்திரிகையாளர். கவிஞர் யோசப் பிரோத்ஸ்கியை வேலையற்ற ஒட்டுண்ணி என்று 1964இல் லெனின்கிராதில் விசாரித்தபோது, நீதிமன்றத்தில் இருந்து நடந்தவற்றைக் குறித்து எடுத்தவர் அவர்தான். அந்தக் குறிப்புகள் கைக்குக் கையாக நாடு கடந்து போய், அங்கே என்ன நடந்தது என்பதை உலகம் அறியச் செய்தன. 1965இல் அவர் இறந்துவிட்டார். காதுவலிக்குக் கதை கேட்ட சாஷாவின் தாய் இவர். பிள்ளையிடம் தன்னைப் பற்றி உண்மை சொன்ன தகப்பனும், நீதிமன்றத்தில் கேட்டதை உள்ளபடி எழுதி வைத்த தாயும் ஒரே வீட்டில் இருந்தார்கள் என்பது எங்களுக்குப் பெரும் மகிழ்ச்சியைத் தந்தது. செய்தியைச் சொல்ல நான் தொலைபேசி எடுத்தபோது என் சிநேகிதி நெடுநேரம் அதைப் பற்றியே பேசினாள். அவள் இப்போது மருதமுனையில் ஆசிரியை.

நான் திருமணமாகிக் கல்லடிக்கு வந்துவிட்டேன். தமிழ்நாட்டில் வந்த மறுபதிப்பு ஒன்றைச் சென்னைக்குப் போன உறவினர் வாங்கி வந்தார். இரண்டு பிரதிகள் வாங்கச் சொல்லியிருந்தேன், ஒன்று அவளுக்கு. தாள் மெலிது, அட்டையும் வேறு. கதைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அவளுடைய வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, வீட்டில் போய்க் கேட்டு வாருங்கள் என்று அனுப்புகிறாளாம். கட்டாரில் இருக்கும் வாப்பாவிடம் வட்ஸ்அப்பில் கேட்டு, குரல்பதிவாக வாங்கி வந்த பிள்ளைகளும் உண்டு என்று சொன்னாள்.

மாமா காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. என் அப்பாவுக்கு எண்பது கடந்துவிட்டது. அவர்கள் சொன்ன கதைகளை எல்லாம் ஒரே கொப்பியில் எழுதி முடிப்பது என்று நானும் அவளும் தீர்மானித்து எழுதி வருகிறோம். என் அப்பாவின் கதைகளை அவளும், அவள் வாப்பாவின் கதைகளை நானும் எழுதுவது என்பது அவளுடைய யோசனை. சொந்தத் தகப்பனைப் பற்றி எழுதினால் மெருகு போட்டுவிடுவோம் என்கிறாள். எதை முதலில் வைப்பது என்பதில்தான் இழுபறி. நான் பட்டம் என்கிறேன், அவள் கொம்மட்டி என்கிறாள். போன கிழமை அப்பாவுக்கே தொலைபேசி எடுத்து, வண்டி நின்றதா இல்லையா, சரியாகச் சொல்லுங்கள் மாமா, எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். நின்றது என்று அவர் சத்தியம் பண்ணியிருக்கிறார். அப்படியே எழுதப் போவதாக எனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாள். மாடு தின்றதையும் சேர்த்து எழுதச் சொல்லிப் பதில் போட்டிருக்கிறேன்.